தோளில் வைக்கும் கை

அத்தியாயம் 9

சனிக்கிழமை சாயங்காலம் மருமகன் சொன்ன பெயர், ஞாயிறு விடிந்த பிறகும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை. மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது.

"எனக்கு ஞானத்தந்தை மான்சிக் அண்ணன்தான், மாமா. அவர் இல்லைன்னா எனக்கு ஞானஸ்நானத் தண்ணியே வேண்டாம்."

பதினான்கு வருடம். என் மகள் உன்சில் இந்த லாரிக்காரன் கீஜுனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அவனுக்கு ஞானஸ்நானம் கிடைக்க வேண்டும் என்று முழங்கால் காய்த்துப்போக ஜெபம் செய்தவள். அவனோ ஞாயிற்றுக்கிழமையானால் லாரி கழுவுகிறவன். இந்த வருடம் யாரும் கேட்காமல் தானாகவே சரி என்றான். நான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாமல் எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆறு மாதம் ஒழுங்காக வேதபாடம் படித்தான். எங்கள் ஊர் தொல்மேயில் இருக்கிற கிளைக்கோவிலுக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அந்த ஞாயிறு இதுதான். பதினொரு மணிப் பூசையில் ஞானஸ்நானம்.

எல்லாம் சரி. போயும் போயும் அந்த வீட்டுக்காரன்தானா கிடைத்தான்?

எங்கள் ஊரில் வேதத்துக்காகத் தலை கொடுத்த குடும்பங்கள் ஐந்து. கோவில் வாசலில் கருங்கல்லில் ஐந்து பெயரையும் வெட்டி வைத்திருக்கிறது. மூன்றாவது பெயர் என் பூட்டன். செப்டம்பர் வேதசாட்சிகளின் மாதம். அந்த மாதப் பூசைக்கு முன்னால் ஐந்து வீட்டுத் தலைக்கட்டும் வரிசையாக எழுந்து அவரவர் பூட்டன் பெயரைச் சொல்வோம். அதற்கப்புறம்தான் சாமியார் பீடத்துக்கு வரலாம். எத்தனையோ ஆயர்கள் மாறினார்கள், இது மாறவில்லை.

தோ மான்சிக்கின் பூட்டனும் அந்தக் கதையில் இருக்கிறான். அரசாங்கச் சேவகர்களுக்கு மலைப்பாதை காட்டிக் கூட்டி வந்தவன் அவன். அவன் மகன் காலத்தில் அந்தக் குடும்பமும் வேதத்தில் சேர்ந்தது. மூன்று தலைமுறையாகச் செபமாலை உருட்டுகிறார்கள். இருந்தாலும் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் 'காட்டிக்கொடுத்தான் வீடு' என்றுதான் பேர்.

மான்சிக், தரைக்கடியில் குழாய் வழியாக வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன்களைப் பழுது பார்க்கிறவன். குளிர்காலத்தில் ஊரில் எல்லார் வீட்டுத் தரையையும் சூடாக வைத்திருக்கிறவன், கோவிலில் மட்டும் கதவோரம், காற்றடிக்கிற இடத்தில் உட்காருவான். அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே தள்ளி வா என்றும் யாரும் சொன்னதில்லை.

நான் மகள் வீட்டுக்குப் போனபோது மணி ஏழு. நாலு வீடு தள்ளித்தான். முற்றத்தில் பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபது பேருக்கு நூடுல்ஸ், அப்பா. நெத்திலி சாறு இறங்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். கோவில் பின்னால அடுப்பு மூட்டணும்."

"உன் புருஷன் எங்க?"

"உள்ள சட்டை போட்டுப் பார்த்துட்டு இருக்கார். இது ஏழாவது தடவை. நேத்து ராத்திரி கஞ்சி போட்டு இஸ்திரி போட்டிருக்கேன். கசக்காம இருந்தாச் சரி."

"அவன்கிட்ட பேசினியா?"

உன்சில் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தினாள். என் மகளுக்கு என் மூக்கு. கோபம் வந்தால் அது முதலில் சிவக்கும்.

"என்ன பேசணும்?"

"ஹ்வாங் பெரியவரை வெச்சுக்கச் சொல்லு. கல்லுல முதல் பேர் அவங்க வீட்டுது. ஞானத்தந்தைன்னா ஒரு கௌரவம் வேண்டாமா?"

"இவர் படுத்துக் கிடந்த எட்டு மாசத்துல அவர் எத்தனை தடவை வந்தார் அப்பா?"

"வந்தாரே! பழச்சாறுப் பெட்டியோட வந்தாரே."

"வந்தார். பக்கத்துல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டார். மறைமாவட்டப் பத்திரிகையில 'நோயாளிகளைச் சந்தித்தல்'னு வந்துச்சு. இவர் வாயைத் திறந்துட்டுத் தூங்கற மாதிரி போட்டோ."

போன வருடம் முட்டைக்கோஸ் மூட்டைகள் சரிந்து கீஜுனின் இடுப்பெலும்பு நொறுங்கியது. எட்டு மாதம் பாயோடு பாயாகக் கிடந்தான். உன்சில் தொழிற்சாலைக் கேன்டீனில் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மான்சிக்தான் ஆறு மணிக்கு வந்து அவனைப் புரட்டிப் போட்டான், துடைத்தான். சாயங்காலம் வேலை முடிந்து மறுபடி வந்தான். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

சத்தம் கேட்டுக் கீஜுன் வாசலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஊன்றுகோல்.

"மாமா, நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் சொந்த அண்ணன் வந்தான். இன்சூரன்ஸ் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். மான்சிக் அண்ணன் வந்தார். என் பீயை அள்ளினார். ஒரு நாள் கேட்டேன், 'ஏன் அண்ணே இதெல்லாம் செய்யறீங்க, என்னை உங்க கோவிலுக்கு இழுக்கவா'ன்னு. 'சேச்சே, நீ கனமா இருக்க, உன்னை எங்க இழுக்கறது'ன்னார். அவ்வளவுதான். எட்டு மாசத்துல ஒரு தடவை கூட வேதம் பேசலை."

"அவன் பூட்டன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீங்கதான் சொன்னீங்களே, என்னைப் பார்க்க வந்த அன்னிக்கு. உங்க பூட்டன் கதையும் சேர்த்துச் சொன்னீங்க. மொத்தம் பத்து நிமிஷம்."

நான் ஒருநாள்தான் போனேன். பத்து நிமிடம்தான் இருந்தேன். நோயாளி வாடை எனக்கு ஆகாது.

"சாமியார்கிட்ட மான்சிக் அண்ணன் பேரைத்தான் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஊன்றுகோல் தரையில் டொக் டொக் என்றது.

உன்சில் என்னையே பார்த்தாள். "அப்பா, பதினாலு வருஷம். இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

நான் வெளியே வந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சொல்லவில்லை.

ரோட்டோரம் நெடுக மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். மான்சிக் வீடு ஊர்க்கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. எழுபத்து மூன்று வருடத்தில் நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. என் வீட்டுக் கொதிகலன் கெட்டால் போனில் கூப்பிடுவேன், வருவான், அவ்வளவுதான்.

வாசலில் உட்கார்ந்து குழாய்த் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இயேசுவுக்குப் புகழ், அண்ணே. கொதிகலன் நின்னு போச்சா?"

"செப்டம்பர்ல எவன்டா கொதிகலன் போடறான்? உள்ள வரலாமா?"

அவன் ஒரு நிமிடம் என் காலைப் பார்த்தான். பிறகு அவசரமாக உள்ளே ஓடி, தரையில் கிடந்த சாமான்களை ஒதுக்கினான். பெண்டாட்டி செத்து ஆறு வருடம். தனி ஆள். ஆனால் வீடு சுத்தம். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்" என்றேன். "இன்னிக்கு நீ பீடத்துக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது."

"நானும் அதைத்தான் சொன்னேன், அண்ணே. கீஜுன்கிட்ட மூணு தடவை சொன்னேன். ஊர் ஒத்துக்காதுப்பான்னு. கேக்க மாட்டேங்கறான்."

சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு எதிராளி சண்டையே போடவில்லை என்றால் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. எனக்கு அப்படி ஆகிவிட்டது. எழுந்து வந்திருக்க வேண்டியவன், சுவரைப் பார்த்தேன்.

சிலுவையில் பாடுபட்ட சுரூபத்துக்குக் கீழே ஒரு பழைய காகிதம் ஒட்டியிருந்தது. கையெழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆனால் எண்ணத் தெரியும். ஏழு வரி.

மூன்றாவது வரியைத் தடவித் தடவிப் படித்தேன். என் பூட்டன் பெயர்.

"இது என்ன?"

"எங்க அப்பா எழுதினது. அதுக்கு முன்னால தாத்தா எழுதினது கறையான் அரிச்சிடுச்சு. இதுல இருக்கறவங்க செத்த நாள்ல வருஷா வருஷம் எங்க வீட்டுல இறந்தவங்களுக்கான ஜெபம் சொல்லுவோம். ஏழு பேருக்கும்."

"அஞ்சு பேர்."

"ஏழு, அண்ணே."

"கல்லுல அஞ்சுதான் இருக்கு. எவன் சொன்னான் ஏழுன்னு?"

மான்சிக் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "பிடிச்சுக் கொடுத்தவன் சொன்னது. அவனுக்குத்தானே கணக்கு தெரியும்?"

நான் காகிதத்தின் அடிப்பக்கத்துக்கு விரலை இறக்கினேன்.

"கடைசி ரெண்டு வரி கொப்தான்னு ஒரு பொம்பளையும் அவ பொண்ணும். பொண்ணுக்குப் பேர் தெரியலை. எங்க பூட்டனுக்கும் தெரியலை. அதனால 'கொப்தான் மகள்'னு எழுதியிருக்கு. அடிமைப் பொம்பளைக்கு ஏது வீட்டுப் பேர்? அவங்களுக்குப் பேர் சொல்ல வம்சமும் இல்ல. அதான் கல்லுல ஏறலை."

"யார் வீட்டு அடிமை?"

அவன் குழாய்த் துண்டை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். "விடுங்கண்ணே."

"கேட்டா சொல்லுடா."

"உங்க வீட்டுது. அந்தப் பொம்பள சின்ன வயசு, ஓடித் தப்பிச்சிருக்கலாம். உங்க பூட்டனோட அம்மாவை முதுகுல தூக்கிட்டு மலையேறியிருக்கா. கூடவே பொண்ணு. அதான் மாட்டிக்கிட்டாங்க. கிழவியம்மாவை வயசாச்சுன்னு விட்டுட்டாங்க. அவங்க திரும்பி வந்து பேரனை வளர்த்தாங்க. அந்தப் பேரன்தானே உங்க தாத்தா?"

எங்கள் வீட்டில் இந்தக் கதை கிடையாது. பூட்டனின் அம்மா கர்த்தருடைய கிருபையால் மலையிலிருந்து தானே நடந்து இறங்கினாள் என்றுதான் சொல்வார்கள். எழுபது தாண்டிய கிழவி, பனிக்காலத்தில், எட்டு மைல்.

பொய் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் தன் வீட்டுக்குச் சாதகமாகச் சொல்வான். இவன் சொன்னதில் இவன் வீட்டுப் பாவம் ஐந்திலிருந்து ஏழாகக் கூடியிருக்கிறது. அப்படிப் பொய் சொல்கிற முட்டாள் எந்த ஊரிலும் இல்லை.

இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்யவில்லை. எழுந்து செருப்பைத் தேடினேன்.

"அப்போ நீ வரலை. சரிதானே?"

"சரிண்ணே. ஆனா அடுப்புக்கு வர்றேன்னு உன்சில்கிட்ட சொல்லியிருக்கேன். அண்டா கனம், அந்தப் பொண்ணால ஒத்தையாத் தூக்க முடியாது. அதுக்கு வரலாமா?"

"அடுப்புக்கு எவன் வேண்டாம்னு சொன்னான்?" என்றேன்.

பாதி தூரம் வந்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

ஹ்வாங் பெரியவர் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எண்பது வயது. பழைய வட்டார அலுவலகத்துக்காரர். நாக்கில் எண்ணெய் தடவியது போலப் பேசுவார்.

"எனக்குத் தெரியும் மத்தேயோ, நீ சரி பண்ணிடுவேன்னு. நம்ம ரத்தம் அப்படி. செபமாலை ஒன்னு ரோமாபுரியிலேருந்து வாங்கினது வெச்சிருக்கேன். அதையே பையனுக்குப் போட்டுடறேன்."

"கொப்தான்னு யாரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"யாரு? பாடகியா?"

"இல்ல. ஒன்னுமில்ல."

கோவிலில் பத்தேமுக்காலுக்கே இடம் நிறைந்துவிட்டது. ஆண்கள் வலப்பக்கம், வெள்ளை முக்காட்டோடு பெண்கள் இடப்பக்கம், எல்லாரும் தரையில். கீஜுனுக்கு மட்டும் இடுப்புக்காக ஒரு முக்காலி. நான் அவன் காதருகில் குனிந்தேன்.

"மான்சிக்குக்கு உடம்பு சரியில்லையாம். காய்ச்சல். ஹ்வாங் பெரியவர் நிக்கறார்."

கீஜுன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "காய்ச்சலா? நேத்து சாயங்காலம் என் முதுகுக்குத் தைலம் தேய்ச்சுட்டுப் போனாரே."

"காய்ச்சல் உன்கிட்ட சொல்லிட்டா வரும்?"

அவன் முக்காலியில் திரும்பினான். கதவோரத்தைப் பார்த்தான். அந்த இடம் காலியாக இருந்தது.

பெயர் சொல்கிற நேரம் வந்தது. ஹ்வாங் பெரியவர் எழுந்து கணீரென்று அவர் பூட்டன் பெயரைச் சொன்னார். அடுத்த வீடு சொன்னது. மூன்றாவது நான். எழுந்தேன். ஐம்பது வருடமாகச் சொல்கிற பெயர். சொன்னேன். சொல்லி முடித்து உட்காராமல் நின்றேன். இன்னும் இரண்டு பெயர் வாய்க்குள் இருந்தது. பின்னால் நாலாவது வீட்டுக்காரன் தொண்டையைக் கனைத்தான்.

உட்கார்ந்துவிட்டேன்.

பூசை நடந்தது. சாமியார் இளவயது, சீக்கிரம் பேசுவார். பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக நெத்திலிச் சாறு வாசனை வந்துகொண்டிருந்தது. அதைத்தான் கவனித்தேன்.

"ஞானஸ்நானம் பெறுகிறவர் முன்னால் வரவும். ஞானத்தந்தை பின்னால் நின்று வலது கையை அவர் தோளில் வைக்கவும்."

கீஜுன் ஊன்றுகோலோடு எழுந்து முன்னால் போனான். ஹ்வாங் பெரியவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையில் சின்னப் பெட்டியோடு பின்னால் போய் நின்றார். சாமியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இதில் தோ மான்சிக் என்று இருக்கிறதே?"

"அவனுக்குச் சௌகரியப்படலை சாமி. நான் நிக்கறேன்" என்று ஹ்வாங் பெரியவர் கையைத் தூக்கினார்.

கீஜுன் தோளை விலக்கிக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. ஈ உட்கார வந்தால் விலகுகிற மாதிரி.

"சாமி, மன்னிச்சுக்கணும். பெரியவரும் மன்னிச்சுக்கணும். மான்சிக் அண்ணனுக்குக் காய்ச்சலாம். அவர் நல்லானதும் அடுத்த மாசம் வாங்கிக்கறேன். அடுத்த மாசமும் முடியலைன்னா அதுக்கடுத்த மாசம். எனக்கு அவசரமில்லை."

இடப்பக்கத்தில் யாரோ எழுந்தார்கள். உன்சில். முக்காடு நழுவி விழுந்தது.

"யாருக்குக் காய்ச்சல்? அவர் பின்னால அடுப்பு ஊதிட்டு இருக்காரே! 'நேரமாச்சு, உள்ள வாங்கண்ணே'ன்னு நான் கூப்பிட்டேன். 'நீ போம்மா, சாறு பொங்கிடும்'னார். காய்ச்சல்னு எவன் சொன்னது?"

கீஜுன் என்னைப் பார்த்தான். அவனைப் பார்த்து உன்சிலும் என்னைப் பார்த்தாள். அவள் மூக்கு சிவக்கவில்லை. வெளுத்துப் போயிருந்தது. அதை நான் அவள் அம்மா செத்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

பொய் சொல்லி மாட்டிக்கொள்வது புதிதில்லை. மாட்டு வியாபாரம் செய்தவன் நான். இன்னொரு பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் என் கால் எழுந்துவிட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "அவனை வராதேன்னு சொன்னதும் நான்தான். காலையில அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்."

"சரியாத்தான் சொன்ன" என்றார் ஹ்வாங் பெரியவர். "இதுல வெட்கப்பட என்ன இருக்கு? வேதசாட்சிங்க ரத்தம் சிந்தின மண்ணு இது. அந்த வீட்டுக் கை இங்க ஒருத்தன் தோள்ல விழணுமா?"

"அந்த வீட்டுக் கை உங்க வீட்டுத் தரைக்கடியில விழலாமா? ஜனவரி மாசம் ராவோட ராவா வந்து குழாயை மாத்தினானே, அப்போ எந்தக் கையை வெச்சு மாத்தினான்?" என்றேன்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

"மத்தேயோ, நீ யார் வம்சம்னு நினைச்சுப் பேசு."

"நினைச்சுத்தான் பேசறேன் பெரியவரே. என் பூட்டன் தலையைக் கொடுத்தார். நான் என்ன கொடுத்தேன்? என் மருமகன் எட்டு மாசம் படுக்கையில கிடந்தான். நாலே வீடு தள்ளி. பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு, அதுலயும் பூட்டன் கதையைச் சொல்லிட்டு வந்தேன். கர்த்தர் என்னைக் கூப்பிட்டு 'நீ என்னடா செஞ்சே'ன்னா, 'என் பூட்டனைக் கேளுங்க'ன்னு சொல்லவா?"

சாமியாரைப் பார்த்தேன்.

"சாமி, ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியுமா?"

"நான் பொறுப்பேன்" என்றார் சாமியார். "நூடுல்ஸ் பொறுக்குமா என்று தெரியவில்லை."

நான் செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கம் போனேன். மான்சிக் அண்டாவுக்கு முன்னால் குந்தி, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வா."

"எங்கண்ணே? உப்புப் பத்தலையா?"

"உள்ள வாடா. உன் ஞானமகன் நின்னுட்டு இருக்கான். இடுப்பு வலிக்கும் அவனுக்கு."

அவன் எழுந்திருக்கவில்லை. "காலையில சரின்னு சொல்லிட்டேனே, அண்ணே."

"நான் சொன்னது தப்பு. நீ சரின்னதும் தப்பு. எழுந்திரு."

"எங்க அப்பா சாகும்போது சொன்னார், பீடத்துக்கிட்ட போகாதே, அது அவங்க இடம்னு. நான் கதவோரமே இருந்து பழகிட்டேன். எனக்கு அங்க குறை ஒன்னும் இல்ல."

"உனக்குக் குறை இல்லைடா. எங்களுக்குத்தான் குறை. எழுந்திரேன், எனக்கு முட்டி வலிக்குது, குனிஞ்சு தூக்கவா முடியும்?"

அவன் எழுந்து கையை நீட்டிக் காட்டினான். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கரி. "கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவிட்டு வர்றேன்னு போனா நீ வீட்டுக்கே போயிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? அப்படியே வா."

அவன் கையைப் பிடித்தேன். வாசலில் கொஞ்சம் பின்வாங்கினான். நான் விடவில்லை. ஆண்கள் பக்கத்தில் சிலர் காலை மடக்கி வழிவிட்டார்கள். சிலர் மடக்கவில்லை. அவர்களைத் தாண்டிக்கொண்டு போனோம்.

ஹ்வாங் பெரியவர் இடத்தை விட்டு நகராமல் இருந்தார். பிறகு பெட்டியைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

மான்சிக் கரிக் கையைத் தோளுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். கீஜுன் திரும்பாமலே சொன்னான். "வைங்கண்ணே. இதைவிட மோசமான இடத்துல எல்லாம் கை வெச்சிருக்கீங்க."

முன்வரிசையே சிரித்துவிட்டது. சாமியாரும் சிரித்தார். மான்சிக் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கையை வைத்தான்.

"சிமோன், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

கீஜுனுக்கு வைத்த ஞானப்பெயர் சிமோன். தண்ணீர் மூன்று முறை விழுந்தது. கீஜுன் தலையிலிருந்து கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. மான்சிக் கையை எடுத்தபோது, கஞ்சி போட்ட வெள்ளைத் தோளில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

"ஐயோ, சட்டை!" என்றான் மான்சிக்.

"சட்டை கிடக்கு" என்று இடப்பக்கத்திலிருந்து உன்சில் குரல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

சாறு கொஞ்சம் தீய்ந்துதான் போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கோவில் முற்றத்தில் பாய் விரித்து எல்லாருக்கும் கிண்ணம் வந்தது. கீஜுன் தன் ஞானத்தந்தைக்குத் தன் கையால் முதல் கிண்ணத்தைக் கொடுத்தான். மான்சிக் அதை வாங்கிக்கொண்டு கதவோரமாகப் போகப் பார்க்க, உன்சில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தாள். இரண்டு வீட்டுக்காரர்கள் கிண்ணத்தைத் தொடாமல் கிளம்பினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். முதல் நாளைக்கு அது மோசமில்லை.

நான் வாசல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து பெயர். ஐந்தாவதற்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது. ஹ்வாங் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இன்னிக்கு அவன் கையைப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்ட. அடுத்தது என்ன, இந்தக் கல்லையும் மாத்துவியா?"

"மாத்தணும்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நானே அதைக் கேட்டேன். "ரெண்டு பேர் விட்டுப் போயிருக்கு."

"விட்டுப் போச்சா? எங்க அப்பா எழுதிக் கொடுத்த பட்டியல் இது! அஞ்சு பேர். அஞ்சே பேர். எந்த ரெண்டு பேர்? எந்த வீடு? எவன் சொன்னான் உனக்கு?"

முற்றத்தில் மான்சிக் தலையைக் குனிந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மூக்கில் கரி.

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், பெரியவரே. எனக்குச் சரியாச் சொல்ல வராது" என்றேன். "தெரிஞ்சவன் அதோ சாப்பிட்டுட்டு இருக்கான். போய் அவனைக் கேளுங்க."

ஹ்வாங் பெரியவர் முற்றத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு சரியாக மாட்டியிருந்தது.